குனிந்து பார்த்த சாம்பல்

இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. நேற்று மத்தியானம் கால்சியம் அளக்கிற மெஷின் காட்டிய எண் அது. அதற்கடுத்த தடவை இருநூற்று எண்பத்தெட்டு. இன்னும் ஒரே ஒரு தடவை, மூன்றாவது தடவை, அதே பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் போதும், அப்புறம் சிவசைலத்தைக் கையில் பிடிக்க முடியாது. இப்போதே முடியவில்லை என்பது வேறு விஷயம். பாளையங்கோட்டை உணவுப் பரிசோதனைக் கூடத்தின் உள்ளறையில், டெசிகேட்டர் என்கிற கண்ணாடிப் பாத்திரத்துக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கால் தரையில் நிற்கமாட்டேன் என்கிறது, தட்டுகிறது, நிறுத்துகிறார், மறுபடி தட்டுகிறது. பாத்திரத்துக்குள் மூடி போட்ட இரண்டு பீங்கான் கிண்ணங்கள், ஒன்று கைகாவலுக்கு, ஆறிக்கொண்டிருக்கின்றன. நேற்றுச் சாயங்காலம் உலையில் ஏற்றி இன்று காலை இறக்கியது. கடலையின் எண்ணெய் எரிந்து, மாவு எரிந்து, புரதம் எரிந்து, எரிய மாட்டேன் என்று மிஞ்சுகிற ஒரு சிட்டிகைச் சாம்பல்தான் தாதுச்சத்து, கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் துத்தநாகமும் அதற்குள்தான் இருந்தாக வேண்டும், வேறெங்கே போகும்? ஆறுவதற்கு நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் ஒரு மனுஷன் சும்மா இருப்பதாவது! வெளியே வரவேற்பறையில் முப்பிடாதி வந்து உட்கார்ந்திருக்கிறாள், வேப்பங்குளத்து மகளிர் குழுத் தலைவி, மடியில் ஒரு தூக்குச்சட்டி. ஒன்பது பொம்பளைகள் சேர்ந்து பிடித்த உருண்டை. வேர்க்கடலை ஆறு பங்கு, முந்திரி இரண்டு, பாதாம் ஒன்று, கருப்பட்டி ஒன்று. ஜில்லா முழுக்க அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சத்துருண்டை கொடுக்கப்போகிறார்கள், நூறு கிராமுக்கு இருநூறு மில்லிகிராம் கால்சியம் இருந்தால்தான் குழுவைச் சேர்ப்பார்கள், இன்று மூன்று மணிக்குள் கலெக்டர் ஆபீசில் ரிப்போர்ட்டைக் கொடுத்தாக வேண்டும். மூன்று தடவை பார்த்துத்தான் எழுதவேண்டும் என்பது இந்தக் கூடத்துச் சட்டம். சட்டம் கிடக்கட்டும் என்று நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டார் இவர். "ஜெயிச்சாச்சு முப்பிடாதி! இருநூறு என்ன இருநூறு, முந்நூறைத் தொடுது!" அந்தப் பக்கம் ஒரே கூச்சல், ஒருத்தி குலவை போட்டாள், போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் காதுக்குள் குலவை. நாக்கைக் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கலாம். ஆனால் யாரால் முடியும், இப்படி ஒரு எண் வந்த பிறகு?

பதினாறு வருஷமாக அவர் பார்த்த கடலையெல்லாம் சொல்லி வைத்த மாதிரி தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு. முந்திரி அதைவிட மோசம், நாற்பதைத் தாண்டாது. அது மக்னீசியத்தில் ராஜா, இரும்பிலும் துத்தநாகத்திலும் கெட்டிக்காரன், கால்சியம் என்றால் மட்டும் கையை விரித்துவிடும். பாதாம்தான் இருநூற்றைம்பது வரை போகிற பெரிய வீட்டுப் பிள்ளை. எல்லாவற்றையும் பங்குக் கணக்குப் போட்டால் இந்த உருண்டைக்கு நூறு, மிஞ்சிப்போனால் நூற்றுப்பத்து. வந்திருப்பதோ அதில் மூன்று மடங்கு. எப்படி? எப்படி என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆவுடையிடம் கேட்டார், ஆவுடை அவர் பெஞ்சாதி, ரசத்தைப் பிசையாமல் கையை வைத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். ரசம் ஆறியபோதுதான் பளிச்சென்று பட்டது: கரிசல்! வேப்பங்குளம் முழுக்கக் கரிசல், உழுதால் சுண்ணாம்புக்கல் மேலே வரும் மண். நிலக்கடலை மற்ற பயிர் மாதிரி இல்லையே, அதன் காய் மண்ணுக்குள் இறங்கி, தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தோல் வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ளுமே, வேர் கொண்டுவந்து ஊட்டட்டும் என்று காத்திருக்காதே! "ஆவுடை, அது தானே குடிக்குதுடி!" என்று கத்திவிட்டார். "குடிக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். மகனுக்குப் பரீட்சை வந்தால் தினமும் ஐந்து பாதாம் ஊறப்போட்டுத் தோலை உரித்துக் கொடுக்கிறவள் அவள், கடலையை மட்டும் பொழுதுபோகக் கொறிப்பதற்கு என்று நினைக்கிறவள், இனிமேல் பார், பாதாமை ஒரு கடலை தோற்கடித்தது என்று பேப்பரில் வரும், பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ, சிவசைலம், முதுநிலைப் பகுப்பாய்வாளர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கச் சொல்லவேண்டும், கண்ணாடி போட்டால் முகம் தூங்குகிற மாதிரி விழும். விவசாயக் காலேஜிலிருந்து கூப்பிடுவார்கள். மேடையில் தண்ணீர் பாட்டில் வைப்பார்கள். ஆனால், இந்த ஆனால் நேற்றிலிருந்து செருப்புக்குள் போன பொடிக்கல்லாக உறுத்துகிறது, ஆனால் கால்சியம் மட்டும் ஏன்? மக்னீசியம் புத்தகத்தில் உள்ளபடிதான். இரும்பு அப்படியே. துத்தநாகம் அப்படியே. மண் கொடுத்தால் கொஞ்சம் எல்லாவற்றையும் கொடுக்காதா? கொடுக்காமலும் இருக்கலாம். கரிசலுக்குக் கால்சியம்தான் உண்டு, அது அதைத்தான் கொடுக்கும். ஆமாம், அப்படித்தான். அப்படித்தானே?

இருபத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் மெஷினுக்கு மட்டும் ஓடியது, ஏ.சி. செத்துவிட்டது, வேர்த்து வேர்த்துக் காய்ந்து, முகமெல்லாம் நறநறத்தது. ஒரு பார்வை பார்த்தால் என்ன? வெளுத்திருக்கிறதா என்று பார்க்கத்தானே வேண்டும், கறுப்புப் புள்ளி இருந்தால் எரிந்தது போதாது, மறுபடி உலையில் போடவேண்டும், அதுவும் முறைதான். டெசிகேட்டரைத் திறந்து முதல் கிண்ணத்தை இடுக்கியால் எடுத்து மேடையில் வைத்தார், மூடியை நகர்த்தினார், குனிந்தார். மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, அதனால் மாஸ்க்கை எப்போதும் தாடைக்கு இறக்கிவிடுவார், மூச்சை மட்டும் பிடித்துக்கொள்வார், மூச்சுப் பட்டால் சாம்பல் பறக்கும், அந்த விஷயத்தில் அவர் படு கறார். அடடா, என்ன வெண்மை! ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. இன்னும் குனிந்தார். இவ்வளவுதான் நீ, இல்லையா, என்று மனசுக்குள் சொன்னார், எத்தனை செடி, எத்தனை மழை, ஒன்பது பொம்பளைகளின் கை, எல்லாம் முடிந்து இத்தனூண்டு. பிள்ளையின் எலும்பில் போய் உட்காரப்போகிறது இது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்தது, இந்த வயசில் இது என்ன கூத்து என்று நிமிர்ந்து மூடியைப் போட்டார். போட்ட பிறகு பார்த்தால் கறுப்புக் கிரானைட் மேடையில், கிண்ணத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு துணுக்கு. பக்கென்றது. சாம்பல் சிந்திவிட்டதா? ஐயோ, சிந்தினால் எண் குறையுமே, நேரம் பார்த்தா சிந்தும்? ஆனால் அவர் கிண்ணத்தை அசைக்கவே இல்லையே, பறக்கவும் இல்லையே. விரலால் தொட்டார், மாவாக ஒட்டியது. சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சுண்ணாம்பு! முப்பிடாதி வெற்றிலை போடுகிறவள், பல்லெல்லாம் காவி, முதல் நாள் வந்தபோதே பார்த்தாரே. உருண்டை பிடிக்கிற கையால் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, அதே கையால் உருண்டை பிடித்து, அடிப்பாவிகளா, கரிசலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கால்சியம் மட்டும் ஏன் என்றால் இதனால்தான்! மேடையும் தண்ணீர் பாட்டிலும் போட்டோவும் ஒரே மூச்சில் போயின. கோபம் வந்தது. அவர் இங்கே சட்டத்தை மீறி போன் போட்டுக் குலவை வாங்கியிருக்கிறார், அவர்கள் அங்கே சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் ஒட்டிய துணுக்குக்கும் உருண்டைக்கும் என்ன சம்பந்தம், உருண்டையில் இருந்தால் அது கிண்ணத்துக்குள் அல்லவா இருக்கும் என்ற யோசனை வருவதற்கு முன்னால் கால் வரவேற்பறைக்குப் போய்விட்டது.

முப்பிடாதி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். உருண்டை பிடிக்கையில வெத்தல போடுவீங்களா?"

"நல்லாக் கேட்டீய! பிள்ளைய வாயில போற பண்டம். வெத்தல, பொடி, எச்சி, ஒண்ணும் உள்ள வரக்கூடாதுன்னு அடுப்படி வாசல்ல எழுதியே ஒட்டியிருக்கோம். கையுறை போட்டுத்தான் பிடிக்கோம். தலையில துணி கட்டிக்கிடுதோம். எங்க செல்லத்தாயி நெத்தியில மஞ்சள் பூசுவா, அதுகூட உதிருமின்னு கழுவிட்டுத்தான் உள்ள விடுவேன். அவளுக்கு என்மேல கோவம்தான், இருந்துட்டுப் போட்டும்." சொல்லிக்கொண்டே அவர் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குமில்லா உதிந்து கெடக்கு. புருவம், கண்ணாடி, சட்டைப்பை, எங்கன பாத்தாலும் துண்ணூறு. தொடச்சிக்கிடுங்க அண்ணாச்சி."

உள்ளறைக்கு அவர் எப்படித் திரும்பி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. கை நெற்றிக்குப் போனது, பாதி வழியில் நின்றது. துண்ணூறு. திருநீறு. காலையில் குளித்து முடித்ததும் மூன்று விரலால் அழுத்தி இழுத்த மூன்று பட்டை. முன்னேயெல்லாம் தண்ணீரில் குழைத்துத்தான் பூசுவது, அது ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஆபீசுக்குப் பறக்கிற அவசரத்தில் எந்த வருஷம் பொடியாகப் பூச ஆரம்பித்தோம் என்றுகூட ஞாபகம் இல்லை. அதுவும் கடைப் பாக்கெட். சாணி எரித்ததா சுண்ணாம்புக்கல்லை அரைத்ததா என்று யார் கண்டது, கையில் எடுத்தால் கனம் கனமாக இருக்கிறதே என்று ஆவுடை ஒரு நாள் சொன்னாளே, சாமி காரியத்தில் ஆராய்ச்சி பண்ணாதே என்று அவள் வாயை அடைத்தது யார், இந்த ஆராய்ச்சியாளர்தான். சாம்பல் மேல் சாம்பல். கடலைச் சாம்பலை எட்டிப் பார்க்கப் போய், தன் சாம்பலைக் கொட்டியிருக்கிறாரா? சேச்சே, இருக்காது. காலிக் கிண்ணம் ஒன்று ஒவ்வொரு தடவையும் கூடவே உலையில் போகுமே, தூசி தும்பு எது விழுந்தாலும் அதில் காட்டிக்கொடுக்குமே, அது என்றைக்கும் சுத்தமாகத்தானே வந்திருக்கிறது. வந்திருக்கும். காலிக் கிண்ணத்தை எவன் குனிந்து பார்ப்பான்? அதில் பார்க்க என்ன இருக்கிறது? நிறைந்த கிண்ணத்தைத்தான் குனிந்து பார்த்தார், அதிலும் பிடித்ததைத்தான் மறுபடி மறுபடி பார்த்தார், நேற்று இந்த உருண்டையின் சாம்பலை எத்தனை தடவை பார்த்தார், நாலா, ஐந்தா? ஐயோ சிவசைலம், சிவசைலம்! ஆனால், இதை எழுதினால் நம்பமாட்டார்கள், அந்தக் கலக்கத்துக்கு நடுவிலேயே ஏதோ ஒன்று துள்ளியது. ஏனென்றால் டெசிகேட்டருக்குள் இன்னொரு கிண்ணம் இருக்கிறது. அதே உருண்டை, அதே எடை, அதே உலை. இன்னும் மூடி திறக்காதது. இவர் தலை அதன்மேல் கவியவே இல்லை.

பேசாமல் விட்டுவிடலாம்தான். இரண்டு எண் கையில் இருக்கிறது, மேடையில் இருக்கிற கிண்ணத்தை மட்டும் கரைத்து மெஷினில் விட்டால் மூன்றாவதும் அதே பக்கத்தில் வந்து நிற்கும், கூடத்துத் தலைவி ஜெபசீலி மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார், முப்பிடாதி ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து மூன்று மணிக்கு முன்னாலேயே கலெக்டர் ஆபீசில் இருப்பாள், ஒன்பது வீட்டில் அடுப்பு எரியும், யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளைகளின் எலும்புக்கு மட்டும் தெரியும். தினமும் ஒரு உருண்டை தின்றும், காகிதத்தில் இருக்கிற கால்சியம் எங்கே எங்கே என்று அது தேடும். சரி, இப்படியெல்லாம் நினைத்தார் என்பது உண்மை, ஆனால் அவரை எழுப்பி நிறுத்தியது அந்த நேர்மை என்று சொன்னால் அது பொய். தெரிந்துகொள்ளாமல் இருக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். கை பரபரத்தது. வாஷ்பேசினில் குழாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளங்கையில் நிறைந்து வழிந்தது, நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை. வெறும் நெற்றியோடு அவர் வீட்டுப்படி தாண்டியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஆவுடை பூசிவிடுவாள், கல்யாண போட்டோவில் மாலை சரிந்திருக்கிறது, பட்டை சரியவில்லை. மன்னிச்சுக்கிடும் சாமி என்றார் சுவரைப் பார்த்து, ஒரு மணி நேரம்தான், கணக்குச் சரிபார்க்கிறதுக்குத்தான், நீரும் உண்மைக்குத்தானே இருக்கிறீர். கழுவினார். தண்ணீர் பால் நிறத்தில் ஓடியது. இவ்வளவா! மறுபடி கழுவினார், புருவத்தைத் தேய்த்தார், கண்ணாடியைக் கழுவினார், கோட்டைக் கழற்றி வேறு கோட்டைப் போட்டார், தலையில் ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டினார். முகத்தில் காற்று புதுசாகப் பட்டது, யாரோ முகத்தைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டையும் தனித்தனியாக அமிலத்தில் கரைத்தார், வடிகட்டினார், அளவுக்குடுவையில் கோடு வரை தண்ணீர் விட்டார், இத்தனை வருஷத்தில் கை இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. குனிந்து பார்த்தது ஒன்றாம் நம்பர், பார்க்காதது இரண்டாம் நம்பர். மெஷினில் சுடர் எழுந்தது. மெல்லிய குழாய் ஒன்றாம் நம்பரை உறிஞ்ச, நீலச் சுடர் செங்கல் நிறத்துக்கு மாறியது, கால்சியம் எரிகிற நிறம், பார்க்க எப்போதும் அவருக்கு ஆசை. இருநூற்றுத் தொண்ணூற்றாறு. சரி. வரட்டும் அடுத்தது. சுத்தத் தண்ணீரை ஓட்டிக் குழாயை அலசினார். இரண்டாம் நம்பர். சுடர் சிவந்தது, முன்னைப்போல இல்லை, கொஞ்சமாக, வெட்கப்படுகிற மாதிரி. திரையில் எண்கள் ஏறி இறங்கித் தடுமாறின. நூற்று ஆறு, நூற்று மூன்று, நூற்று நாலு. நின்றது. நூற்று நாலு! பங்குக் கணக்குப் போட்டால் வருகிற அதே நூறுச்சொச்சம், புத்தகத்துக் கடலை, புத்தகத்து முந்திரி, புத்தகத்துப் பாதாம், ஒன்றும் அதிசயம் இல்லை, அவரவர் கொண்டுவந்ததை அவரவர் கொடுத்திருக்கிறார்கள், மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டும் சிவசைலத்தின் நெற்றி! ஸ்டூலை உதைத்துவிட்டு எழுந்தார். சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. பாதாமைக் கடலை தோற்கடிக்கவில்லை, அதனால் என்ன, எப்படித் தோற்கடித்த மாதிரி காட்டியது என்பதைப் பிடித்துவிட்டாரே! ஒரே உருண்டை, இரண்டு கிண்ணம், ஒரு நெற்றி, இதைவிடச் சுத்தமான சோதனையை யார் செய்யமுடியும்? மேடம்கூடச் செய்யமுடியாது. ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும், இப்போதே சொல்லவேண்டும், கால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

முப்பிடாதிக்கு முதலில் ஆளே தெரியவில்லை. "யாரு… நீங்களா? என்ன அண்ணாச்சி, நெத்திய இப்படி வெறிச்சின்னு விட்டுட்டீய? தொடைக்கத்தானே சொன்னேன், இப்படி வழிக்கவா சொன்னேன்?"

"அதான், அதான் முப்பிடாதி, நீதான் கண்டுபிடிச்சுக் குடுத்தே!" அவர் மூச்சு வாங்கச் சொல்ல ஆரம்பித்தார். மேடை, துணுக்கு, மூடி திறந்த கிண்ணம், திறக்காத கிண்ணம், செங்கல் நிறச் சுடர், கையைக் காலை ஆட்டி, நெற்றியைத் தொட்டுக் காட்டி, பாதியில் அவரே சிரித்து, "முந்நூறு எங்கே, நூறு எங்கே, பாத்துக்கோ!" என்று முடித்தபோதுதான் அவள் சிரிக்கவில்லை என்று பார்த்தார்.

"அப்ப எங்க உருண்டையில எவ்வளவு?"

"நூத்தி நாலு."

"இருநூறு வேணுமே."

"வேணும்." விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "எள்ளு சேத்தா ஏறும். கேழ்வரகு கொஞ்சம் வறுத்துப் போடலாம். அடுத்த தடவை கேக்கும்போது…"

"இன்னைக்கு மூணு மணிக்கு ஏறுமா?"

அவள் தூக்குச்சட்டியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். நேற்று ராத்திரி ஊரில் எல்லாருக்கும் பாயசம் வைத்ததாகச் சொன்னாள், அவளாகவே, யாரையும் குறை சொல்லாத குரலில். மறைச்சு எழுதியிருக்கலாமே என்று கேட்பாள் என்று அவர் பயந்தார்; கேட்கவில்லை. பிள்ளைய திங்கிற சாமான், உள்ளதத்தான் எழுதணும் என்றாள். அதைக் கேட்டதும் அவருக்கு மடத்தனமாக ஒரு சந்தோஷம் மறுபடி தலை தூக்கியது, பார், எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய விஷயத்தை இன்றைக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்திருக்கிறோம். அவள் எதையோ யோசித்தபடி அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்கன எத்தனை வருசமா இருக்கீய அண்ணாச்சி?"

"பதினாறு வருஷம்."

"தெனமும் பூசிட்டுத்தான் வருவீயளோ?"

"ஒரு நாள் தவறினதில்ல!" என்றார் சிவசைலம், பெருமையாக.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பின்னால் கதவு திறந்தது. ஜெபசீலி மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, கையில் பேனாவோடு நின்றார்.

"என்ன சிவசைலம், ரிப்போர்ட் ரெடியா? கையெழுத்துப் போட்டுடலாமா?"

"எந்த வருஷத்து ரிப்போர்ட் மேடம்?" என்றார் அவர்.